இயக்குநருக்கு நடந்த மண்டகப்படி

திட்டத் தெரிந்த ஊர்கள் உலகத்தில் ஆயிரம் இருக்கலாம். ஆனால் திட்டுவதையே தெய்வ காரியமாக உயர்த்திய ஊர் காஞ்சிபுரம் ஒன்றுதான். இதை எந்த மேடையிலும், எந்த மைக்கிலும், மின்சாரம் இருக்கும்வரை நிறுவ நான் தயார்.

சான்று வேண்டுமா? மற்ற ஊர்களில் மனைவி கணவனைத் திட்டுவாள். எங்கள் ஊரில் 'அர்ச்சனை' செய்வாள். மற்ற ஊர்களில் சைக்கிள் திருடனை அடிப்பார்கள். இங்கே 'பூசை' போடுவார்கள். கோயில்கள் நிறைந்த ஊரில் வாழ்ந்து வாழ்ந்து, கெட்ட வார்த்தைக்குக்கூட நெற்றியில் விபூதி பூசிவிட்டோம். இந்தப் புனிதச் சொற்களுக்கெல்லாம் தலைமைப் பீடம் வகிப்பது 'மண்டகப்படி'.

இன்றைய பிள்ளைகள் வாயில் இந்தச் சொல் அதிகம் புழங்குவதில்லை. அவர்கள் 'ரோஸ்ட் பண்ணிட்டாங்க' என்று சொல்லி, தோசைக்குத் தரும் மரியாதையை மனிதனுக்கும் தருகிறார்கள். ஆகவே விளக்கம் தேவைப்படுகிறது. திருவிழாவில் சுவாமி வீதியுலா வரும்போது வழியில் உள்ள மண்டபங்களில் நின்று நின்று போவார். அன்றைய உபயதாரர்கள் அவரை அலங்கரித்து, நைவேத்தியம் வைத்து, தீபம் காட்டி அனுப்புவார்கள். மண்டபம் பேச்சு வழக்கில் மண்டகம் ஆயிற்று. அங்கே அளிக்கப்படும் 'படி', மண்டகப்படி ஆயிற்று. இது முதல் பொருள்.

இரண்டாம் பொருள்: ஒருவனை நிறுத்திவைத்து, மிச்சம் மீதி வைக்காமல் திட்டித் தீர்ப்பது.

முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படிப் பிறந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிஞர்கள் என்று நான் குறிப்பிடுவது என்னையும் எங்கள் உதவிப் பொறியாளர் முருகேசனையும். 'மண்டைக்கு அடி' என்பதே திரிந்துவிட்டது என்பது முருகேசன் கட்சி. என் கட்சி வேறு. மண்டபத்தில் நிறுத்தப்பட்ட சுவாமி, உபயதாரர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடிக்கும்வரை அசைய முடியாது. புழுங்குகிறதா, கால் வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கொடுப்பதை வாங்கிக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் நிற்க வேண்டும். திட்டு வாங்குகிறவனின் நிலையும் அதுவே அல்லவா?

இந்த ஆராய்ச்சியை நான் ஆசைப்பட்டுச் செய்யவில்லை. மேலிடத்து உத்தரவின் பேரில் செய்தேன். அந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

நான் 'நெசவாளர் இல்ல மேன்மை இயக்ககம்' என்ற அமைப்பில் 'மொழிநய அலுவலர்'. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அப்படி ஒன்று அங்கே இல்லையே என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அது இருப்பதாக அதில் வேலை செய்யும் எங்களுக்கே பல நாள் தோன்றியதில்லை.

ஆனால் சாதனை ஒன்று உண்டு. வாலாஜாபாத் போகும் சாலையில், ஊரைத் தாண்டி, நெசவாளர்களுக்கென்றே நாங்கள் எழுப்பிய 'பட்டொளி நகர்'. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஒவ்வொன்றிலும் கூடம், சமையலறை, கழிப்பறை, வெளிச்சுவரில் தோகை விரித்த மயில் ஓவியம். நெசவாளர் இல்லத்துக்கு வேண்டிய அனைத்தும் அங்கே உண்டு, தறியைத் தவிர.

தறிக்கு நாங்கள் இடம் விடவில்லை என்று யாரும் பழி சொல்லக்கூடாது. தரையில் இடம் விட்டிருந்தோம். ஆனால் பட்டுத்தறியின் உச்சியில் ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். சேலையில் மயிலும் மாங்காயும் விழுவதே அதன் தயவால்தான். தறியை நிறுத்தி அந்தப் பெட்டியை மேலே ஏற்றப்போனால், எங்கள் கூரை குறுக்கே வந்தது. பெட்டி உட்கார வேண்டிய இடம் கூரைக்கு மேலே, ஆகாயத்தில் இருந்தது.

"நெசவாளர் இல்லம்தானே கட்டச் சொன்னாங்க? நெசவாளர் தலை இடிக்குதா? இல்லையே!" என்று முருகேசன் கேட்டார். பொறியியல் ரீதியாக இதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

இருந்த வாடகை வீடுகளைக் காலி செய்துவிட்டு, பால் காய்ச்சிக் குடியேறிய பிறகுதான் ஜனங்களுக்கு இது தெரிந்தது. தறிகளைக் கழற்றி மொட்டைமாடியில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சிலர் சின்ன காஞ்சிபுரத்துக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் பஸ் ஏறிப் போய், உறவுக்காரர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தார்கள். சிலர் கம்பெனி வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் புதிய இயக்குநராகத் திரு. கைலாசம் வந்து சேர்ந்தார்.

நல்ல மனிதர். இதை நான் பயந்து சொல்லவில்லை; அவர் இப்போது இங்கே இல்லை. நாக்பூரில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டு: ஒன்று பூசை அறைத் தமிழ், மற்றது பயிற்சி முகாம் தமிழ். நடுவில் தெரு என்று ஒன்று இருப்பதையும் அங்கே ஒரு தமிழ் ஓடுவதையும் அவர் அறியமாட்டார். பள்ளிக்கூடத்தில் முதல் மாணவன், கல்லூரியில் முதல் மாணவன், வேலையில் முதல் வரிசை. யாரும் அவரை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பெங்களூரில் ஒரு வாரம் 'நேர்மறைத் தலைமை' பயிற்சி எடுத்துவிட்டு நேராக எங்களிடம் வந்திருந்தார்.

வந்ததும் முதல் வேலையாகக் 'குறை' என்ற சொல்லை ஒழித்தார். குறையை ஒழிப்பது கடினம், சொல்லை ஒழிப்பது எளிது என்ற நிர்வாக நுட்பம் அவருக்குத் தெரிந்திருந்தது. 'குறை தீர்க்கும் சாளரம்' அன்றே 'நிறை கூறும் சாளரம்' ஆயிற்று. அங்கே ஒரு தொடுதிரை வைக்கப்பட்டது. அதில் மூன்று முகங்கள் தெரியும். பொதுமக்கள் தங்கள் உணர்வுக்கு ஏற்ற முகத்தை அழுத்த வேண்டும்.

என் பணி அதைவிட உயர்ந்தது. எழுதி வரும் மனுக்களை நேர்மறை மொழியாக்கி இயக்குநருக்கு அனுப்புவது. 'தறி கூரையில் முட்டுகிறது' என்று வந்ததை, 'தறிக்கும் கூரைக்கும் இடையே நெருக்கம் நிலவுகிறது' என்று மாற்றினேன். கதிர்வேல் என்ற இளம் நெசவாளர் பொறுமை இழந்து கூரையை உடைத்து ஓட்டை போட்டு, அதன் வழியாக ஜக்கார்டு பெட்டியை மேலே ஏற்றியிருந்தார். மழையில் அவர் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பட்டு நூல், அந்தப் பாவு முழுக்க நனைந்துபோயிற்று. அதை நான், 'பயனாளி இயற்கையோடு இணைந்து வாழ முற்பட்டுள்ளார்' என்று எழுதினேன். இயக்குநர் அவருக்கு வாழ்த்து மடல் அனுப்பினார்.

பட்டொளி நகரிலிருந்து இளவரசி என்ற நெசவாளர் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். முகூர்த்தப் பட்டு நெய்வதில் பேர் வாங்கியவர். அவர் வந்தால் தொடுதிரையே கொஞ்சம் ஒளி மங்கும்.

"ஏம்பா, மனு குடுத்து வருசம் ஆவப்போவுது. தறி மாடியில கிடக்குது. மழை வந்தா நான் மேல ஏறிக் குடை புடிச்சிக்கினு நிக்கிறேன், எனக்கில்ல, தறிக்கு. இங்க வந்தா மூஞ்சிய அமுத்து, மூஞ்சிய அமுத்துன்றீங்க. எந்த மூஞ்சிய அமுத்தறது?"

"மூணு குடுத்திருக்கோமேமா. உங்க மனசுக்கு எது படுதோ அது."

"மூணும் சிரிக்குதே!"

"மூணாவதைப் பாருங்க. கண்ணுல தண்ணி வருது."

"அது சிரிச்சி சிரிச்சி அழுவுதுபா!"

"கண்ணீர் கண்ணீர்தானேமா" என்றேன் கனிவோடு.

இளவரசி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இயக்குநர் அறையின் மூடிய கதவைப் பார்த்தார். பிறகு மாடிப்படி அதிரும் குரலில் சொன்னார்: "உங்க சாரை ஒரு நாள் எங்க காலனிக்கு இட்டாந்து நிறுத்தி நல்லா ஒரு மண்டகப்படி நடத்தணும்பா!"

கதவு திறந்தது. உள்ளே குளிர்ந்த காற்றில் உட்கார்ந்திருந்தவரின் காதில் எங்கள் உரையாடல் முழுக்க விழுந்து, அதில் ஒரே ஒரு சொல் மட்டும் மனதில் ஒட்டியிருக்கிறது.

"மண்டகப்படியா?" என்றார் கைலாசம். "யாருக்கு?"

இளவரசி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். பின்வாங்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"உங்களுக்குத்தான் சார்."

இயக்குநரின் கண்கள் கலங்கிவிட்டன. "எங்க அப்பா நாக்பூர்லருந்து வருஷா வருஷம் லீவு போட்டு ஊருக்கு வந்து சாமிக்கு மண்டகப்படி செய்வார்மா. அது எவ்வளவு பெரிய பாக்கியம்! மனுஷங்களுக்குக்கூடச் செய்வீங்களா?"

"ரொம்ப முக்கியமானவங்களுக்குச் செய்யறதுண்டு சார்."

"அதுக்கு நான் தகுதியானவனா?"

இளவரசி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களை விட்டா வேற ஆளே கிடையாது சார்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலைக்கே நாள் குறிக்கப்பட்டது. "எங்க ஜனங்க எல்லாருமே செய்யணும்பாங்க. நேரம் புடிக்கும் சார்" என்று இளவரசி எச்சரித்தார். "எவ்வளவு நேரமானாலும் நிப்பேன்மா" என்று இயக்குநர் கைகூப்பினார். இரு தரப்பும் இவ்வளவு மனநிறைவோடு பிரிந்த சந்திப்பு எங்கள் இயக்ககத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

மறுநாள் 'மண்டகப்படி ஏற்பு ஆயத்தக் கூட்டம்' கூடியது. முருகேசன் மூன்று முறை இருமினார்.

"சார், மண்டகப்படின்னா இந்த ஊர்ல வந்து..."

"தெரியும் முருகேசன். நீங்களும் என் பக்கத்துல நிக்கணும். வீடு கட்டினது நீங்க. அந்த மரியாதையில உங்களுக்கும் பாதி பங்கு உண்டு."

முருகேசனின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. "பல்லு வலி சார். டாக்டர் ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் பாக்கறாரு."

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். ஏற்புரையில் பேசுவதற்காக, அந்தச் சொல்லின் பொருளும் தோற்றமும் பற்றி ஒரு பக்கம் எழுதித்தர வேண்டும் என்றார். நான் அகராதியைப் பிரித்தேன். அது இரண்டு பொருள் தருகிறது. இயக்குநர் 'பொருள்' என்று ஒருமையில்தான் கேட்டிருந்தார். ஒரு மொழிநய அலுவலர் இலக்கணத்தை மீறக்கூடாது. முதல் பொருளை மட்டும் அழகாக எழுதி, மண்டபம் மண்டகமான வரலாற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் என் தோளைத் தட்டினார்.

தாழ்வாரத்தில் முருகேசன் என்னை மடக்கினார். "யோவ், அவருகிட்ட சொல்லிடுய்யா. பாவம், மாலை வேற ஆர்டர் பண்ணச் சொல்லிக்கினு இருக்காரு."

"கெட்ட செய்தி மேலே போகக்கூடாது என்பது நம் கொள்கை" என்றேன்.

"அப்ப நீ அவருகூடப் போவியா?"

"குறிப்பெடுக்கப் போகணும்."

"பாத்து. பக்கத்துல நிக்காத. தெறிக்கும்."

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் கார் பட்டொளி நகருக்குள் நுழைந்தது. இயக்குநர் பட்டு வேட்டி, பட்டு அங்கவஸ்திரம், கழுத்தில் அவரே வாங்கிப் போட்டுக்கொண்ட சம்பங்கி மாலை. யாரும் மாலை கொண்டுவர மறந்துவிட்டால் அவர்கள் மனம் நோகுமே என்ற முன்னெச்சரிக்கை.

காலனி ஜனங்கள் திகைத்துப்போனார்கள். இளவரசி என்னைத் தனியே இழுத்தார். "நெசமாவே வந்துட்டாராபா? நாங்க வரமாட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தோம். இன்னா பண்றது இப்ப?"

"ஆரம்பிக்க வேண்டியதுதான்."

"மாலை போட்டுக்கினு கும்புடறாருபா. வாய் வரமாட்டேங்குது."

வீட்டுக்கு வந்த ஆளைப் பட்டினி போட்டுத் திட்டுவது முறையில்லை என்று முடிவாயிற்று. அவசரமாகச் சாமியானா கட்டி, அதன் நிழலில் நாற்காலி போட்டு, மந்தாரை இலையில் மிளகு மணக்கும் கோயில் இட்லி வைத்தார்கள். இயக்குநர் அதை நைவேத்தியமாகவே பாவித்துக் கண்ணை மூடிச் சாப்பிட்டார். காப்பி வந்தது. கைகழுவத் தண்ணீர் வந்தது. பிறகு அவரே எழுந்து நின்று, "ஆரம்பிக்கலாமே" என்றார்.

இளவரசி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"ஏன் சார், நீங்க கட்டுனது வீடா, புறாக்கூண்டா? தறி உள்ள வந்தா நான் வெளிய, நான் உள்ள வந்தா தறி வெளிய. கட்டறதுக்கு மின்ன ஒருத்தராச்சும் எங்க தெருவுக்கு வந்து ஒரு தறிய எட்டிப் பாத்தீங்களா? செவுத்துல மயிலு வரைஞ்சிருக்கீங்களே, அத்த உரிச்சி கல்யாணப் பொண்ணுக்குச் சுத்தி உட முடியுமா? நான் நெய்யற மயிலுக்குத் தறி வேணாமா? உங்க ஆபீசுல மூஞ்சிய அமுத்தி அமுத்தி என் கட்டை விரலு தேஞ்சி போச்சி. ஊரே அழுவுது, உங்க மிஷினு மட்டும் சிரிச்சிக்கினே இருக்குது. அதுக்குக் கரண்டு பில்லு கட்டறீங்களே, உங்களுக்கு நல்லாருக்குதா?"

குரல் நல்ல சுதியில் ஏறி இறங்கியது. இயக்குநர் கண்ணை மூடி, தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்து கதிர்வேல் வந்து, தன் கூரை ஓட்டையையும் நனைந்த பாவையும் சொல்லி, "பாவு நாசமாப் போச்சின்னு எழுதிப் போட்டா 'இயற்கையோடு இணைந்த இல்லத்துக்கு வாழ்த்துகள்'னு லெட்டர் வருது. நீங்கல்லாம் சோறுதான் துன்றீங்களா சார்?" என்று முடித்தார்.

இயக்குநர் என் காதருகே குனிந்தார். முகத்தில் பக்திப் பரவசம். "இது நிந்தா ஸ்துதிதானே? சாமியைத் திட்டுற மாதிரியே புகழ்வாங்களே, அது?"

"முதல் பாதி மட்டும் சார்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்கியிருக்கவும் செய்யாது, அந்த நேரம் பார்த்து மாணிக்கவாசகம் வந்து சேராவிட்டால்.

மாணிக்கவாசகம் இளவரசியின் கணவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, நீலச் சட்டை, தோளில் பட்டை, தலையில் தொப்பியோடு சைக்கிளை விட்டு இறங்கினார். பட்டு வேட்டியோடு ஓர் அதிகாரி நிற்பதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் காலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

இயக்குநர் மகிழ்ந்துபோனார். "நெசவாளர் நகருக்குக் காவலர்கூடப் போட்டிருக்கீங்களா?"

"இல்ல சார். நான் நெசவுதான். இவ ஊட்டுக்காரன்."

"அப்புறம் இந்த யூனிபார்ம்?"

"கம்பெனி கேட்டுல நிக்கறேன் சார்."

"ஏன்?"

மாணிக்கவாசகம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

"தறி நிக்கல சார். அதான் நான் நிக்கறேன்."

இயக்குநரின் தாளம் நின்றுபோயிற்று. சல்யூட் அடித்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களில் ஜரிகை இழுத்த பழைய தழும்புகள் தெரிந்தன. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை.

"இது எனக்கு எழுதி வந்ததா?"

"வந்தது சார். 'தறிக்கும் கூரைக்கும் இடையே நெருக்கம் நிலவுகிறது' என்று."

"நான் என்ன எழுதினேன்?"

"'மிக்க மகிழ்ச்சி' என்று எழுதினீர்கள் சார்."

இயக்குநர் இளவரசியிடம் கேட்டார்: "அம்மா, எனக்கு உண்மையைச் சொல்லுங்க. மண்டகப்படின்னா என்ன?"

இளவரசிக்குச் சங்கடமாகிவிட்டது. "சாமிக்குச் செஞ்சா அது பூசை சார். மனுசாளுக்குச் செஞ்சா... இப்ப நடந்துக்கினு இருக்குதே, இதான் சார்."

அவர் கோபித்துக்கொண்டு காரில் ஏறியிருக்கலாம். அதற்கான எல்லா விதிமுறைகளும் அவர் பக்கம் இருந்தன. கார்க் கதவைத் திறந்துவைக்க நானும் நாலடி நடந்துவிட்டேன். ஆனால் அவர் நகரவில்லை. முகம் சிவந்து, காது சிவந்து, கழுத்துச் சம்பங்கி அந்த வெட்கத்தில் வாடுவதுபோல இருந்தது. மாலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"சாமி பாதியில எழுந்து போகாது இல்லையா? இன்னும் யாரெல்லாம் பாக்கி?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் அசல் மண்டகப்படி. வீட்டுக்கு ஒருவராக வந்தார்கள். திட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டார் எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் கழிப்பறைக் கதவு உள்பக்கம் தாழில்லாததற்குத் திட்டினார். ஒருவர் பஸ் நிற்காமல் போவதற்குத் திட்டினார். அது எங்கள் துறை இல்லை என்று நான் குறுக்கிட்டபோது, "பரவாயில்ல, அவங்க சொல்லட்டும்" என்றார் இயக்குநர். ஒரு பெண்மணி தன் மருமகன் குடிப்பதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டு, மனம் லேசாகி, அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். உச்சிவெயிலில் பட்டு வேட்டி வியர்வையில் ஒட்டிக்கொள்ள அவர் நின்றுகொண்டேயிருந்தார். கடைசியில் இளவரசி வீட்டு மாடிக்கு ஏறிப்போய், தார்ப்பாயைத் தன் கையால் விலக்கினார். தறிக்கட்டைகள் பூஞ்சை பிடித்து வெளுத்துக் கிடந்தன. அதில் ஒரு கட்டையை அங்கவஸ்திரத்தால் துடைக்கத் தொடங்கினார். மாணிக்கவாசகம் ஓடிவந்து தடுத்தார். "வாணாம் சார். பட்டு பாழாப்பூடும்."

திரும்பும்போது காரில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"என் வாழ்க்கையில யாரும் என்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதில்லப்பா" என்றார். "எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசியிருக்காங்க. என்கிட்ட பேசினதில்ல."

நான் அதைக் குறிப்பெடுக்கவில்லை. நேர்மறையா எதிர்மறையா என்று எனக்குப் புலப்படவில்லை.

மறுநாள் முருகேசனின் பல்வலி ஒரே அழைப்பில் குணமாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் தறி நிற்கும் இடத்துக்கு மேலே மட்டும் கூரையைப் பெயர்த்து, உயர்த்திக் கட்ட இயக்குநர் உத்தரவிட்டார். தினமும் காலையில் தானே போய் நின்றார். முதலில் கதிர்வேலின் ஓட்டைக் கூரை மூடப்பட்டு உயர்ந்தது. அடுத்து இளவரசி வீடு, பிறகு பக்கத்து வீடு. இளவரசி வீட்டில் தறியேறிய அன்று மாணிக்கவாசகம் நீலச் சட்டையைத் தறியைத் துடைக்கும் துணியாக்கினார். ஜக்கார்டு பெட்டி உச்சியில் கம்பீரமாக உட்கார்ந்தது. அதற்கு மேலேயும் ஒரு முழம் காற்று ஓடியது. இளவரசி மிதித்ததும் தறி எழுப்பிய சத்தத்தில் தெரு நாய்கள்கூட ஒரு நிமிடம் எழுந்து நின்றன.

பிறகு நீதி தன் கடமையைச் செய்தது.

சென்னைத் தலைமையகத்துக்குச் செய்தி எட்டியது. 'பொது இடத்தில் விமர்சனம் கேட்டது', 'கேட்டதோடு நில்லாமல் நடவடிக்கையும் எடுத்தது', 'அதன் மூலம் குறை இருந்ததாக ஒப்புக்கொண்டது' என மூன்று குற்றச்சாட்டுகள். மூன்றும் நிரூபிக்கப்பட்டன, மூன்று கூரைகள் சாட்சி சொல்ல உயர்ந்து நின்றன. கைலாசம் ஏதோ ஒரு கடலோர ஊரின் பழைய கோப்புக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். அங்கே பேச ஆள் கிடையாது.

அவர் கிளம்பிய அன்று பட்டொளி நகரே பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டது. அவர் இளவரசியைப் பார்த்துச் சிரித்தார். "கடைசியா ஒண்ணு வெச்சி அனுப்புங்கம்மா."

இளவரசி வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். "ஒண்ணும் வரமாட்டேங்குது சார்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேளைக்குச் சாப்புடுங்க. மெலிஞ்சி போயிட்டீங்க." வீட்டில் கட்டிய இட்லிப் பொட்டலத்தை மாணிக்கவாசகம் ஜன்னல் வழியாக நீட்டினார். இந்த முறை சல்யூட் அடிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது எங்களுக்குப் புதிய இயக்குநர் திருமதி சுகாசினி. தமிழில் முனைவர் பட்டம் பெற்றவர். வந்த அன்றே என் எழுத்துகளைப் படித்துப் பாராட்டினார். கூரை வேலை 'மகிழ்ச்சியுடன் நிறுத்திவைக்கப்பட்டது'. அந்த மகிழ்ச்சி என் சேர்க்கை.

போன வாரம் இளவரசி மறுபடி வந்தார். அவருடைய வீட்டுக் கூரை ஏற்கனவே உயர்ந்துவிட்டது. அவர் வந்தது மற்ற வீடுகளுக்காக. உள் அறைக்குக் கேட்கும்படி, "உங்க மேடத்துக்கும் ஒரு மண்டகப்படி வெக்கணும்னு ஜனங்க ஆசைப்படறாங்கபா" என்றார். கதவு திறந்தது. சுகாசினி அம்மையார் புன்னகையோடு வெளியே வந்தார். "அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டும் எனக்குத் தெரியும்" என்றார். கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டார்.

என்ன புலமை! எங்கள் இயக்ககத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. மண்டகப்படியின் பொருள் தெரியாத ஒரே ஒருவர் இங்கே இருந்தார். அவர் போய் நின்றார், மூன்று கூரை உயர்ந்தது. இன்று இங்கே தலைமை முதல் கடைநிலை வரை பொருள் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. பட்டொளி நகர்ப் பக்கம் நாங்கள் யாரும் போவதே இல்லை.